பி.எம்.ஐ. அதிகம் என்று வந்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

உடல் பரிசோதனை அறிக்கையின் ஓர் ஓரத்தில் 'பி.எம்.ஐ. 28.7, அதிக எடை' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் சிலர் மறுநாளே பட்டினி கிடக்க ஆரம்பிக்கிறார்கள். சிலர் 'இதெல்லாம் வெறும் கணக்கு' என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டிலுமே நஷ்டம் நமக்குத்தான். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பி.எம்.ஐ.யை எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வரும் விடையால் எடையை வகுத்தால் அதுதான் பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியெண். 165 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 1.65 × 1.65 = 2.72. 78-ஐ அதால் வகுத்தால் சுமார் 28.7.

அளக்கும்போது கவனம் வேண்டும். இதே ஆள் செருப்போடு நின்று உயரம் 168 செ.மீ. என்று பதிவானால் பி.எம்.ஐ. 27.6 ஆகிவிடும். மூன்று சென்டிமீட்டர் பிசகு ஒரு முழு எண்ணையே மாற்றிவிடுகிறது. பலர் கல்லூரி நாட்களில் அளந்த உயரத்தையே ஐம்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நின்று ஒருமுறை புதிதாக அளந்துகொள்வது நல்லது.

என் எண் எந்த வகையில் வருகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்குப்படி 18.5-க்குக் கீழ் என்றால் எடை குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை அதிக எடை, 30-ம் அதற்கு மேலும் உடல் பருமன். பருமனிலும் 35, 40 என்று அடுத்தடுத்த படிகள் உண்டு.

ஆசிய வம்சாவளியினருக்கு இந்த எல்லைகள் போதாது. அதே நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று 2004-ல், ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-லிருந்து அதிகமாகிறது என்று தனி அளவுகளைப் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதலில் 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25-லிருந்து பருமன். ஆக, நீங்கள் பயன்படுத்தும் செயலி '24.5, இயல்பு' என்று பச்சை நிறத்தில் காட்டினாலும், நீங்கள் தெற்காசிய வம்சாவளி என்றால் அந்தப் பச்சையை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஏன் இந்தப் பாகுபாடு? உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதானே?

ஒரே எடை, ஒரே உயரம் என்றாலும் உடம்புக்குள் இருக்கும் கொழுப்பின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. புனேவைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடல் கொழுப்பு 21.2 சதவீதம். பி.எம்.ஐ.யின் கண்ணுக்கு இருவரும் ஒரே மாதிரியான ஆட்கள்!

தெற்காசியர்களுக்குத் தசை சற்றுக் குறைவாகவும், கொழுப்பு கூடுதலாகவும், அதுவும் வயிற்றுப் பகுதியில் சேர்வதாகவும் இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். சர்க்கரை நோயைப் பொறுத்தவரை மிகவும் கவனிக்க வேண்டிய தோற்றம் அதுதான்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லையாமே?

உண்மைதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் வானியலாளருமான அடால்ஃப் கெட்லே 1830-களில், வளர்ந்த மனிதர்களின் எடை அவர்கள் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று கண்டார். ஒரு மக்கள்தொகையின் சராசரி மனிதன் எப்படி இருக்கிறான் என்பதுதான் அவர் தேடியது. நோயைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. சுமார் நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து 1972-ல், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் அதிகமான ஆண்களின் அளவுகளை வைத்து, இருக்கிற எளிய கணக்குகளில் இதுவே மேல் என்று சொல்லி, இன்றைய பெயரையும் வைத்தார்கள்.

இதைக் காரணம் காட்டி 'பி.எம்.ஐ. செத்த கணக்கு' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூட்டமாக மனிதர்களை எடுத்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. பி.எம்.ஐ. ஏற ஏற சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் ஏறுவதை எத்தனையோ நாடுகளில் பார்த்தாகிவிட்டது. தனி ஒருவரிடம் வரும்போது, அந்த எண் அடுத்த கேள்விகளைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2023-ல், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பாருங்கள் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது.

நான் எடை தூக்கும் பயிற்சி செய்பவன். எனக்கு 27 என்று வருகிறது. அதிகமா?

தசை கொழுப்பைவிட அடர்த்தியானது. தசை நிறைய உள்ளவர்களுக்குப் பி.எம்.ஐ. பொய்யாகக் கூடிக் காட்டும். வயிற்றுச் சுற்றளவு அளவோடு இருந்து, ரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் ஒரு விஷயம்: இந்த விதிவிலக்கு ஆண்டுக்கணக்கில் தீவிரமாகப் பயிற்சி செய்பவர்களுக்கானது. வாரத்தில் இரண்டு நாள் ஜிம்முக்குப் போகிறவருக்கு 29 வந்தால் அது பெரும்பாலும் தசை அல்ல.

வயிற்றுச் சுற்றளவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? எப்படி அளப்பது?

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தொடையிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஓரளவு சாதுவானது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு அப்படியல்ல. அது சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை. கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ரத்தத்தின் பெரும் பங்கு நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்து, இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போவதற்கு இது பெரிய காரணம்.

அளப்பது எளிது. சட்டையை விலக்கிவிட்டு, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும், தோலை அழுத்தக் கூடாது. வயிற்றை உள்ளே இழுக்காமல் சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் அளவைப் பாருங்கள். பேன்ட் அளவை வைத்துச் சொல்வது இதற்கு உதவாது. வயிறு பெரிதாக ஆக, பலர் பேன்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள், அதனால் பேன்ட் அளவு மாறாமலேயே இருக்கும்.

தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. இதைவிட நினைவில் நிற்கும் விதி ஒன்றும் உண்டு: வயிற்றுச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' அமைப்பு 2022-லிருந்து பி.எம்.ஐ. 35-க்குக் கீழ் உள்ள பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. பாதிக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது, உயரத்தில் பத்தில் ஆறு பங்கைத் தொட்டால் மிக அதிகம். 165 செ.மீ. உயரமானவருக்கு 82-83 செ.மீ. வரை சரி, 99-ஐ எட்டினால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, பி.எம்.ஐ. அதிகமாக இருந்தால் உடம்பில் என்னதான் நடக்கும்?

முதலில் சர்க்கரை நோய். அதிக எடையோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த வேறு நோய் குறைவு. கொழுப்பு தன் வழக்கமான கிடங்கில் இடமில்லாமல் கல்லீரலிலும் கணையத்திலும் தசையிலும் போய்ப் படியும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து பல ஆண்டுகள் சமாளிக்கும். அந்த ஆண்டுகளில் சர்க்கரை அளவு இயல்பாகவே காட்டும். கணையம் களைக்கும்போதுதான் அறிக்கையில் சிவப்பு எழுத்து வரும்.

ரத்த அழுத்தம் கூடும். இதயத்துக்கு வேலை அதிகம், சிறுநீரகங்கள் உப்பைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும், ரத்தக்குழாய்கள் விறைக்கும். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சீரற்ற இதயத் துடிப்பு எல்லாவற்றின் வாய்ப்பும் இதன் தொடர்ச்சியாக ஏறுகிறது.

கல்லீரலில் கொழுப்பு படிவது மது அருந்தாதவர்களுக்கும் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருப்பதைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, கல்லீரல் சுருக்கம் வரை போகும். ஆரம்பத்தில் முழுவதுமாகத் திரும்பக்கூடிய நிலை அது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

குறட்டையை யாரும் நோயாக நினைப்பதில்லை. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபட்டு, மூச்சு பல நொடிகள் நின்று நின்று வரும். கூடப் படுப்பவர்தான் அதைக் கவனிப்பார். எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலைவலி, பகலில் அசதி, வண்டி ஓட்டும்போது கண் சொருகல் என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காதவர்களில் பலருக்கு இது ஒளிந்திருக்கும்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம், பித்தப்பைக் கல், நெஞ்செரிச்சல், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம் ஆகியவையும் உண்டு. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவது, பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை தீவிரமாவது, கருத்தரிக்கத் தாமதமாவது ஆகியவற்றில் எடைக்குப் பங்கு உண்டு. ஆண்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது.

புற்றுநோய்தான் பலருக்குத் தெரியாத செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல், உடல் கொழுப்பு மிகுவதோடு தொடர்புள்ளவை என்று 13 வகைகளை உறுதிப்படுத்தியது. கருப்பை உட்சுவர், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று, பெருங்குடல், சிறுநீரகம், கல்லீரல், கணையம், பித்தப்பை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் மீண்டும் ரத்தப்போக்கு வந்தால், அது ஒரே ஒரு துளியாக இருந்தாலும், உடனே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆயுள் குறையுமா?

சராசரியாகப் பார்த்தால், ஆம். சுமார் ஒன்பது லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த 57 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியான கணக்கின்படி, பி.எம்.ஐ. 30 முதல் 35 வரை உள்ளவர்களின் ஆயுள் 2 முதல் 4 ஆண்டுகள் குறைகிறது. 40 முதல் 45 வரை என்றால் 8 முதல் 10 ஆண்டுகள், அதாவது வாழ்நாள் முழுக்கப் புகைப்பதன் விளைவுக்கு ஒப்பானது. இவை கூட்டத்தின் சராசரி. உங்கள் ஆயுளை இதிலிருந்து கழித்துப் பார்க்க முடியாது.

என் ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். இருந்தும் கவலைப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். 'லான்செட்' இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2025 ஜனவரியில் இதற்கு ஒரு தெளிவான வழி சொன்னது. கொழுப்பு மிகுந்து அதனால் உறுப்புகளின் வேலையோ அன்றாட நடமாட்டமோ பாதிக்கப்பட்டிருந்தால் அது நோய், அதற்குச் சிகிச்சை தேவை. கொழுப்பு மிகுந்திருந்தும் பாதிப்பு எதுவும் இன்னும் இல்லை என்றால் அது நோய்க்கு முந்தைய நிலை, அதற்குக் கண்காணிப்பும் தடுப்பும் தேவை. கொழுப்பு மிகுதி என்று முடிவு செய்யவும் பி.எம்.ஐ. மட்டும் போதாது, வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவும் வேண்டும் என்றது ஆணையம். 40-க்கு மேல் இருந்தால் மட்டும் வேறு அளவு இல்லாமலே அப்படி எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. நன்றாக நடமாடும் ஒருவரை எண்ணை மட்டும் பார்த்து நோயாளி ஆக்குவதில்லை, மூச்சு வாங்கித் தவிப்பவரை 'டயட் இருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவதும் இல்லை. ஆனால் இன்று நார்மல் என்பது நாளைக்கான உத்தரவாதம் ஆகாது. இப்படி எல்லாம் நார்மலாக இருந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தபோது, அவர்களுக்கும் இதய நோய் வாய்ப்பு ஒல்லியாக இருந்தவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் போதும்.

என்னென்ன பரிசோதனைகள் தேவை?

ரத்த அழுத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி-யும். ரத்தக் கொழுப்பைக் காட்டும் லிப்பிட் புரொஃபைல், அதில் டிரைகிளிசரைடு, ஹெச்.டி.எல். இரண்டையும் கவனியுங்கள். கல்லீரல் என்சைம்கள், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். தைராய்டுக்கான அறிகுறி இருந்தால் டி.எஸ்.ஹெச். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. இவ்வளவுதான். ஆயிரம் பரிசோதனைகள் கொண்ட பெரிய பேக்கேஜ் இதற்குத் தேவைப்படாது.

எவ்வளவு எடை குறைத்தால் பலன் தெரியும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு போதும். பி.எம்.ஐ.யை 'இயல்பு' என்ற கட்டத்துக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பும்தான் இலக்கு. சுமார் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம் குறைந்தது. மேலே சொன்ன 78 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ. அதைக் குறைத்த பிறகும் அவர் பி.எம்.ஐ. 26.6, அட்டவணையில் 'அதிக எடை'தான். உள்ளே நடந்த மாற்றத்தை அட்டவணை காட்டாது.

ஒவ்வொரு கிலோ குறையும்போதும் ரத்த அழுத்தம் சுமார் ஒரு புள்ளி இறங்குகிறது. கல்லீரல் அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் தேவைப்படும். முழங்காலுக்கோ, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் நான்கு கிலோ பாரம் குறைகிறது.

சர்க்கரை நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கும் நம்பிக்கை உண்டு. பிரிட்டனில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வில், நோய் கண்டுபிடித்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 46 சதவீதம், மருந்தில்லாமலேயே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் இது 86 சதவீதம். ஆனால் இது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே உணவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடும், மயக்கம் வரும். மருந்தின் அளவை முதலில் மாற்ற வேண்டியிருக்கலாம்.

கஷ்டப்பட்டுக் குறைத்தேன், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மன உறுதி இல்லையா?

இந்தக் கேள்வியை வெட்கத்தோடு கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-ல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது, பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைகின்றன, உடம்பு எரிக்கும் கலோரியும் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது. அதாவது எடை குறைத்தவருக்கு முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது, முன்பைவிடக் குறைவாகச் செலவாகிறது. அந்த நிலையில் ஓராண்டு தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம்.

மரபணுவின் பங்கும் பெரியது. இரட்டையர் ஆய்வுகள், மனிதர்களின் பி.எம்.ஐ. வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபு சார்ந்தது என்கின்றன. ஒரே சாப்பாட்டு மேஜையில் வளர்ந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் எடை ஏறுவது இதனால்தான். தூக்கக் குறைவு, இரவு ஷிப்ட் வேலை, ஓயாத மன அழுத்தம், நடக்கப் பாதை இல்லாத ஊர், எங்கு திரும்பினாலும் கிடைக்கும் சர்க்கரையும் எண்ணெயும் நிறைந்த பாக்கெட் உணவு, இவை அனைத்தும் சேர்ந்து தள்ளுகின்றன. இவ்வளவையும் ஒதுக்கிவைத்துவிட்டு 'வாயைக் கட்டு' என்று ஒருவரிடம் சொல்வது அறிவியலும் இல்லை, அன்பும் இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: குறைப்பதற்கு ஒரு திட்டம் போல, குறைத்ததைத் தக்கவைப்பதற்கும் ஒரு திட்டம் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆறு மாதம் மட்டும் செய்யக்கூடிய எதையும் தொடங்காதீர்கள்.

அப்படியென்றால் எந்த உணவுமுறை நல்லது?

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா, நேரம் பார்த்துச் சாப்பிடுவதா என்று ஒப்பிட்ட ஆய்வுகளில் ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. யாரால் தொடர முடிந்ததோ அவருக்குக் குறைந்தது. உங்களால் ஐந்து ஆண்டு தொடரக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கான உணவுமுறை.

எல்லா முறைகளுக்கும் பொதுவான சில விஷயங்கள் உண்டு. இனிப்பான பானங்களை முதலில் விடுங்கள், குடிக்கும் கலோரி பசியை அடக்குவதில்லை. ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், எடை குறையும்போது தசை கரையாமல் காக்க அது வேண்டும். காய்கறி, பருப்பு, முழுத்தானியம் கூடட்டும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நல்ல வேகம். மிக வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

உடற்பயிற்சி மட்டும் செய்தால் எடை அதிகம் குறையாது. இதைச் சொல்லாமல் விடுவதால் பலர் இரண்டு மாதம் நடந்துவிட்டு ஏமாந்து நிறுத்துகிறார்கள். எடை குறையாவிட்டாலும் வயிற்றுக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை எல்லாம் சீராகும். குறைத்த எடையைத் தக்கவைப்பதிலும் உடற்பயிற்சியின் பங்கு பெரிது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி?

செமாக்ளுடைட், டிர்செபடைட் ஆகிய மருந்துகள் குடல் ஹார்மோன்களைப் போல வேலை செய்து பசியைக் குறைக்கின்றன. வாரம் ஒருமுறை ஊசி. பெரிய ஆய்வுகளில் செமாக்ளுடைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைடின் அதிக அளவு எடுத்தவர்கள் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் எடை குறைந்தார்கள். இதய நோய் ஏற்கெனவே உள்ள, சர்க்கரை நோய் இல்லாத பருமனானவர்களுக்குச் செமாக்ளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்ததாக 2023-ல் தெரியவந்தது. சாதாரணச் சாதனை அல்ல இது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் அடிக்கடி வரும். கணைய அழற்சி, பித்தப்பைப் பிரச்சினை அரிதாக வரும். குறிப்பிட்ட ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் எடுக்கக் கூடாது, கர்ப்பத்திலும் கூடாது. நிறுத்தினால் எடை திரும்புகிறது: செமாக்ளுடைடை நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பிரஷர் மாத்திரையைப் போல நீண்டகாலச் சிகிச்சையாக இதை யோசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க இது வழி அல்ல. மருந்துச் சீட்டு இல்லாமல் இணையத்தில் வாங்குவதை மிகவும் கவலையோடு வேண்டாம் என்கிறேன், போலிகள் உலவுகின்றன.

அறுவை சிகிச்சை யாருக்கு?

2022-ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல்படி, பி.எம்.ஐ. 35-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், 30 முதல் 34.9 வரை இருந்து சர்க்கரை நோய் போன்ற வளர்சிதை மாற்ற நோய் உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். எடை குறைப்பிலும் சர்க்கரை நோயைப் பின்வாங்கச் செய்வதிலும் நீண்டகாலச் சான்று அதிகம் உள்ள சிகிச்சை இதுதான். பதிலுக்கு, வாழ்நாள் முழுக்க வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் தொடர் பரிசோதனையும் தேவைப்படும்.

குழந்தைக்கும் இதே அட்டவணைதானா?

இல்லை. குழந்தைகளின் பி.எம்.ஐ. வயதோடு இறங்கி ஏறும். அதே வயது, அதே பாலினக் குழந்தைகளின் வளர்ச்சி வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பெரியவர்களின் 23, 25-ஐக் குழந்தையின் மேல் பொருத்தாதீர்கள். அப்புறம், அதன் எதிரிலேயே 'குண்டு' என்று பேசாதீர்கள். வீட்டில் எல்லோருக்குமாக உணவையும் விளையாட்டையும் மாற்றினால் குழந்தை தனித்து நிற்காது.

கர்ப்பமாக இருக்கிறேன், பி.எம்.ஐ. 31. எடை குறைக்கலாமா?

கர்ப்பத்தில் எடை குறைப்பு வேண்டாம். கர்ப்பத்துக்கு முன் 30-க்கு மேல் இருந்தவர்கள் மொத்தமாக 5 முதல் 9 கிலோ வரை கூடினால் போதும் என்கிறது அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' அமைப்பின் 2009 வழிகாட்டுதல். சர்க்கரைப் பரிசோதனையை ஆரம்ப மாதங்களிலேயே செய்துகொள்ளுங்கள். ஃபோலிக் அமிலத்தின் அளவையும் டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, பி.எம்.ஐ. 27. குறைக்கச் சொல்லட்டுமா?

அவசரப்படாதீர்கள். வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை அவ்வளவு கெடுதல் இல்லை. முதுகெலும்பு சுருங்கி உயரம் குறைவதாலும் பி.எம்.ஐ. கூடிக் காட்டும். இந்த வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் போகும், அது விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா, சமமாக நடக்கிறாரா என்று பாருங்கள். புரதமும் கால்களுக்கான எளிய பயிற்சியும் அவருக்கு டயட்டைவிட அவசியம்.

நான் சாப்பிடும் மருந்து எடையை ஏற்றுமா?

ஏற்றலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனச்சோர்வுக்கான மிர்டசபின் ஆகியவை எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள், பல நேரம் இருக்கும்.

எந்த வலிக்குப் போனாலும் 'முதலில் எடையைக் குறை' என்கிறார்களே, என்ன செய்வது?

இது நடக்கிறது, நடக்கக் கூடாது. 'இதே தொந்தரவு ஒல்லியான ஒருவருக்கு இருந்தால் என்னென்ன பரிசோதனை செய்வீர்கள், டாக்டர்? அதை எனக்கும் செய்யலாமா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். தொந்தரவு தொடங்கிய நாள், எப்போது கூடுகிறது என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். காது கொடுக்கவில்லை என்றால் வேறு மருத்துவரிடம் போகலாம். அவமானப்பட்டு மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து.

எதையெல்லாம் தள்ளிப்போடக் கூடாது?

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், புதிதாக மூச்சு வாங்குதல், படுத்தால் மூச்சு முட்டுதல். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர். வண்டி ஓட்டும்போது தூக்கம். சில நாட்களிலேயே எடை ஏறி, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் அது கொழுப்பு இல்லை, தேங்கிய நீர். இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே காட்டுங்கள். கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் வாந்தி எடுப்பதோ பட்டினி கிடப்பதோ திரும்பத் திரும்ப நடந்தால் டயட்டை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.